பழைய கைக்கடிகாரத்தின் கண்ணாடி அசல்தானா? கண்டறிவது எப்படி?

தாத்தா கட்டியிருந்த கைக்கடிகாரம் ஒன்று பல வீடுகளில் இன்னும் அலமாரித் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் சேர்த்து வைத்து வாங்கிய ஒமேகா, வேலை ஓய்வுப் பணத்தில் வாங்கிய ராடோ, கல்யாணத்துக்கு மாமனார் போட்ட சீகோ. ஓடாமல் நின்றுபோன அதை டவுனில் உள்ள கடிகாரக் கடைக்கு எடுத்துச் சென்றால், முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "கண்ணாடி ரொம்பக் கோடு விழுந்திருக்கு பாஸ், மாத்திடலாமா?" சரி என்று தலையாட்டிவிட்டு வருபவர்களே அதிகம். ஒரு வாரத்தில் கடிகாரம் பளபளவென்று வீடு திரும்பும். கழற்றிய பழைய கண்ணாடி கடையின் குப்பைக் கூடையில் கிடக்கும்.

சில ஆண்டுகள் கழித்து அதை விற்கவோ மதிப்பிடவோ கொண்டு போகும்போதுதான் சங்கடம். வாங்க வந்தவர் லூப் கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது அசல் கண்ணாடி இல்லை" என்று விலையைக் குறைப்பார். இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. ஈப்போ மெமரி லேன், பினாங்கு லோரோங் கூலிட், பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் போன்ற பழம்பொருள் சந்தைகளில் "எல்லாம் ஒரிஜினல்" என்ற ஒரு சொல்லை நம்பிக் காசு கொடுத்துவிட்டு, பிறகு வருந்துபவர்களும் உண்டு. சிங்கப்பூரில் சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. இப்போது கைப்பேசியில் படத்தைப் பார்த்தே பலர் வாங்குகிறார்கள். படத்தில் கண்ணாடியைப் பற்றித் தெரிந்துகொள்வது இன்னும் கடினம்.

'அசல்' என்றால் எது?

கண்ணாடி ஒரிஜினல் என்று ஒருவர் சொன்னால், எந்தப் பொருளில் சொல்கிறார் என்று கேட்பது நல்லது. அந்தச் சொல் மூன்று வெவ்வேறு கண்ணாடிகளுக்குப் புழங்குகிறது. கடிகாரம் ஆலையில் தயாரானபோது பொருத்தப்பட்ட அதே கண்ணாடி ஒன்று. பின்னாளில் அது உடைந்தபோது, அதே நிறுவனம் தயாரித்த உதிரிக் கண்ணாடியை வாங்கிப் போட்டிருந்தால் அது இரண்டாவது வகை. வெளி நிறுவனங்கள் அளவு பார்த்துத் தயாரித்து விற்கும் பொதுக் கண்ணாடி மூன்றாவது. ஜெர்மனியின் ஸ்டெர்ன்குரோய்ட்ஸ், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஜி.எஸ். ஆகிய பெயர்கள் இந்த மூன்றாம் வகையில் பழுதுபார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. அவை தரமான கண்ணாடிகள். அவற்றைப் போலி என்று சொல்வது சரியாகாது. அவற்றைப் போட்டுவிட்டு நிறுவனக் கண்ணாடி என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

மூன்றாம் வகையைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். முதல் வகையையும் இரண்டாம் வகையையும் பிரித்தறிவதுதான் சிரமம். பல நேரங்களில் அது முடியவே முடியாது. அந்தக் காலத்து அக்ரிலிக் கண்ணாடி, மோட்டார் சைக்கிளின் பிரேக் கட்டையைப் போலத் தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட பாகம். ஐம்பது அறுபது ஆண்டுகள் ஓடிய கடிகாரத்தில் அது ஒருமுறையாவது மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே, ஆலையில் போட்ட கண்ணாடியேதான் என்று அடித்துச் சொல்லும் விற்பனையாளரிடம் ஆதாரம் கேட்பதில் தவறில்லை. ஒரே குடும்பத்தில் இருந்த கடிகாரம், பழுதுபார்த்த ரசீதுகள் பத்திரமாக உள்ளன என்றால் அந்தப் பேச்சுக்கு எடை உண்டு. மற்றபடி, அந்தக் காலத்துக்கும் அந்த மாடலுக்கும் பொருந்துகிற, அதே நிறுவனத்தின் கண்ணாடி என்ற அளவுக்குச் சொல்பவரே நேர்மையான வியாபாரி.

முதலில் பொருளைப் பாருங்கள்

கைக்கடிகாரக் கண்ணாடி மூன்று பொருள்களில் வருகிறது. அக்ரிலிக் என்பது தெளிவான பிளாஸ்டிக். 1930களில் சந்தைக்கு வந்த இது, பிறகு பல பத்தாண்டுகளுக்குக் கைக்கடிகாரங்களில் கோலோச்சியது. பிளெக்ஸி, ஹெசலைட் என்று சொல்லப்படுவதும் இதுதான். அடுத்தது மினரல் எனப்படும் கடினமாக்கப்பட்ட சாதாரணக் கண்ணாடி. சீகோவின் ஹார்ட்லெக்ஸ் இந்த வகை. மூன்றாவது சஃபையர். ஆலையில் செயற்கையாக வளர்க்கப்படும் நீலக்கல்லின் நிறமற்ற வடிவம் அது.

விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் அக்ரிலிக் 'டொக்' என்று மந்தமாக ஒலிக்கும். மற்ற இரண்டும் 'டிங்' என்று கூர்மையாக ஒலிக்கும். கன்னத்தில் வைத்தால் அக்ரிலிக் அவ்வளவு குளிராது, கண்ணாடியும் சஃபையரும் சில்லென்று இருக்கும். மினரலையும் சஃபையரையும் பிரிக்க, நன்றாகத் துடைத்த கண்ணாடியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. சஃபையரின் மேல் சொட்டு முத்துப்போல் நிற்கும், மினரலின் மேல் பரவும். எண்ணெய்ப் பிசுக்கோ மேல்பூச்சோ இருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும் என்பதால், இதை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிடக் கூடாது. கத்தியால் கீறிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

கோடுகளும் கதை சொல்லும். கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சஃபையர் 9, சாதாரண மணல் 7. கண்ணாடி அதற்குக் கீழே, அக்ரிலிக் இன்னும் கீழே. அதனால்தான் தோட்ட வேலையிலும் கட்டுமான வேலையிலும் மணலும் தூசியும் பட்டு அக்ரிலிக்கிலும் மினரலிலும் கோடுகள் விழுகின்றன. சஃபையர் அந்த மணலுக்கு அசைந்து கொடுக்காது. ஆனால் கல்லில் மோதினால் ஓரம் சில்லுத் தெறிக்கும். அக்ரிலிக் வயதாகும்போது ஓரங்களில் மயிரிழை போன்ற நுண்விரிசல்கள் தோன்றும். கேஸ் முழுக்கத் தேய்ந்து, சாவிக் குமிழின் பற்கள் மழுங்கி, கண்ணாடி மட்டும் நேற்று வாங்கியதுபோல் இருந்தால், அது மாற்றப்பட்டது அல்லது நன்றாகத் தேய்த்து மினுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பொருளுக்கும் காலத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. 1960களில் அக்ரிலிக்கோடு வெளிவந்த ஒரு கடிகாரத்தில் இன்று தட்டையான மினரல் கண்ணாடி இருந்தால், முத்திரை எதையும் தேட வேண்டிய அவசியமே இல்லை. அது பிறகு போட்டது.

ஒமேகா: நடுவில் ஒளிந்திருக்கும் சின்னம்

நம்மவர் வீடுகளில் கிடைக்கும் பழைய கடிகாரங்களில் அதிகம் விசாரிக்கப்படுவது ஒமேகாதான். 1948-இல் வந்த சீமாஸ்டர், 1952-இல் வந்த கான்ஸ்டலேஷன், 1957-இல் வந்த ஸ்பீட்மாஸ்டர் ஆகிய வரிசைகளின் அக்ரிலிக் கண்ணாடிகளில் நட்ட நடுவே, உட்புறத்தில், குதிரை லாடம் போன்ற ஒமேகா சின்னம் மிகச் சிறிதாகப் பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். வெறும் கண்ணுக்கு அது ஒரு தூசியாகத்தான் தெரியும். சரியாக முட்கள் பொருத்தப்பட்டிருக்கும் மையத்துக்கு மேலே இருப்பதால், நேராகப் பார்த்தால் அந்த உலோகப் பளபளப்பில் மறைந்துவிடும். கடிகாரத்தைச் சற்றுச் சாய்த்து, மேசை விளக்கின் ஒளி பக்கவாட்டில் விழும்படி பிடித்து, 10 மடங்கு பெரிதாக்கும் லூப் வழியாகக் கண்ணாடியின் மேல் மட்டும் பார்வையைக் குவிக்க வேண்டும். டயலில் பார்வையைக் குவித்தால் சின்னம் தெரியாது. இந்த ஒரு காரணத்தாலேயே, இருக்கும் சின்னத்தை இல்லை என்று சொல்லிவிடுபவர்கள் பலர்.

சின்னம் உட்புறத்தில் இருப்பதால், மேலே தேய்த்து மினுக்கினாலும் அழியாது. அது கூர்மையாக, அளவாக, சரியாக மையத்தில் இருக்க வேண்டும். பெரிதாக, கொழகொழவென்று, மையம் விலகித் தெரிந்தால் சந்தேகப்படலாம். கள்ளச் சின்னம் பதித்த கண்ணாடிகளும் சந்தையில் உண்டு.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தச் சின்னம், கண்ணாடி ஒமேகா நிறுவனத்துடையது என்பதை மட்டுமே சொல்கிறது. ஒமேகா உதிரியாக விற்கும் அக்ரிலிக் கண்ணாடியிலும் அதே சின்னம் இருக்கும். பத்தாண்டுக்கு முன் மாற்றியதா, 1965-இல் ஆலையில் போட்டதா என்று சின்னம் சொல்லாது. அதேபோல், சின்னம் இல்லாத ஒரே காரணத்தால் மொத்தக் கடிகாரத்தையும் போலி என்று முடிவு கட்டவும் கூடாது. உள்ளே எந்திரமும் பின்மூடியின் உட்புறத்தில் பொறிக்கப்பட்ட கேஸ் எண்ணும் சரியாக இருந்து, கண்ணாடி மட்டும் பொதுக் கண்ணாடியாக இருக்கும் ஒமேகாக்கள் ஏராளம்.

அக்ரிலிக் என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1969-இல் விண்வெளி வீரர்கள் நிலவுக்குக் கொண்டு சென்ற ஸ்பீட்மாஸ்டரில் இருந்தது இதே பிளாஸ்டிக் கண்ணாடிதான். அடிபட்டால் கண்ணாடித் தூளாகச் சிதறி மிதக்காது என்பது அதன் பலம். "பழைய பிளாஸ்டிக்கை எடுத்துட்டு நல்ல கண்ணாடி போட்டுத் தர்றேன்" என்று கடையில் சொன்னால், அது உதவிபோலத் தெரிந்தாலும் கடிகாரத்துக்கு இழப்புதான்.

ராடோவும் சீகோவும்

1962-இல் அறிமுகமான ராடோ டயஸ்டார், கோடு விழாத கடிகாரம் என்ற பெயரோடு வந்தது. கேஸ் கடின உலோகம், கண்ணாடி சஃபையர். ஆகவே டயஸ்டாரின் கண்ணாடி முழுவதும் மெல்லிய கீறல்கள் பரவியிருந்தால், அது சஃபையர் இல்லை. யாரோ மினரலை வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள், அல்லது கடிகாரமே வேறு கதை. அசல் கண்ணாடியின் வளைவும் பட்டையும் கேஸின் வளைவோடு சேர்ந்து ஓடும். விரலால் தடவினால் படிக்கட்டு போன்ற மேடுபள்ளம் தட்டுப்படக் கூடாது. டயலின் மேற்புறம் உள்ள சிறிய நங்கூரம், கடிகாரத்தைத் திருப்பும்போது தானாகச் சுழல்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அது கண்ணாடிக்கான சோதனை இல்லைதான், ஆனால் கண்ணாடி மேல் சந்தேகம் வந்துவிட்டால் மற்றவற்றையும் பார்ப்பதே புத்திசாலித்தனம். அதே ராடோவின் 1957-இல் வந்த கோல்டன் ஹார்ஸ் வேறு இனம். அதில் இருந்தது அக்ரிலிக். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது.

சீகோவில் வேலை எளிது. பின்மூடியில் 6119-8083 என்பது போல நான்கு இலக்கங்களாக இரண்டு எண்கள் இருக்கும். முதல் நான்கு எந்திரத்தைக் குறிப்பவை, அடுத்த நான்கு கேஸை. கண்ணாடி கேஸைச் சேர்ந்தது என்பதால், இந்த எண்ணைச் சொன்னால்தான் சரியான கண்ணாடியைத் தேட முடியும். தொடர் எண்ணின் முதல் இலக்கம் தயாரிப்பு ஆண்டின் கடைசி இலக்கம். அடுத்த எழுத்து மாதம்: 1 முதல் 9 வரை ஜனவரி முதல் செப்டம்பர், அக்டோபருக்குச் சுழியம், நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'. 7, 3 என்று தொடங்கினால் 7-இல் முடியும் ஓர் ஆண்டின் மார்ச் மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை எந்திர எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

1970களின் சீகோ 5, லார்ட்மேட்டிக், கிங் சீகோ வானக் போன்றவற்றில் வைரம்போல் பட்டை தீட்டிய கண்ணாடிகள் வந்தன. ஒளியை உடைத்துக் காட்டும் அந்தப் பட்டைகள்தான் அந்தக் கடிகாரங்களின் அழகே. உடைந்தால் அதே கண்ணாடி கிடைப்பது அரிது என்பதால், பல கடைகளில் தட்டையான வட்டக் கண்ணாடியை வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட மாடல் ஒன்று தட்டைக் கண்ணாடியோடு விற்பனைக்கு வந்தால், விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைக்கலாம். இன்று பட்டை தீட்டிய மாற்றுக் கண்ணாடிகளும் செய்து விற்கப்படுகின்றன. பட்டைகள் டயலின் மணிக்கோடுகளோடு சீராக நிற்கின்றனவா, விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கோணம் தப்பினால் ஒரு பக்கத்து எண் மட்டும் நெளிந்து தெரியும்.

ரோலெக்ஸ் பற்றிச் சுருக்கமாக. தேதியின் மேல் இருக்கும் பூதக்கண்ணாடி 1950களில் வந்தது. தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும். பழைய அக்ரிலிக் கண்ணாடியில் அது கண்ணாடியோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும், சஃபையரில் தனியாக ஒட்டப்பட்டிருக்கும். தேதி சின்னதாகவோ ஓரமாகவோ தெரிந்தால் கண்ணாடி வேறு கைவேலை. 6 மணி அருகே லேசரால் பொறித்த நுண்ணிய கிரீடச் சின்னம் 2000களின் தொடக்கத்தில்தான் வழக்கத்துக்கு வந்தது. 1960களிலும் 1970களிலும் வந்த 1601 எண் டேட்ஜஸ்டில் அக்ரிலிக்தான் இருக்க வேண்டும். அதில் சஃபையரையும் கிரீடத்தையும் காட்டி "இதோ பாருங்க, ஒரிஜினல் முத்திரை" என்று சொன்னால், அந்த முத்திரையே எதிர்சாட்சி.

விளிம்பு பொய் சொல்லாது

நடுவைவிட விளிம்பு அதிகம் பேசும். அக்ரிலிக் கண்ணாடி, கேஸின் திறப்பைவிடச் சற்றே பெரிதாகச் செய்யப்பட்டு, நகம் போன்ற விரல்கள் கொண்ட கருவியால் சுருக்கிப் பொருத்தப்படுவது. விட்டவுடன் அது விரிந்து கவ்விக்கொள்ளும். பசை தேவைப்படாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் இந்தப் பிடி கிடைக்காது. அப்போதுதான் சில கடைகளில் சூப்பர் குளூ வெளியே வருகிறது. விளிம்பைச் சுற்றிப் பசைத் தடமோ, உட்புறம் வெள்ளைப் புகை படிந்ததுபோன்ற மங்கலோ தெரிந்தால், அளவு தப்பிய கண்ணாடியை ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த மங்கல் சூப்பர் குளூவின் ஆவி படிவதால் வருவது.

தண்ணீர் புகாத பல கேஸ்களில் அக்ரிலிக்கின் உட்சுற்றில் ஒரு மெல்லிய உலோக வளையம் இருக்கும். தங்க நிறக் கடிகாரத்தில் தங்க நிறமாகவும், எஃகு கடிகாரத்தில் வெள்ளி நிறமாகவும் இருப்பது வழக்கம். நிறம் மாறியிருந்தாலோ, வளையம் தடித்து டயலின் நிமிடக் கோடுகளை மறைத்தாலோ பொதுக் கண்ணாடி என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் இருந்தும் பாருங்கள். பழைய படங்களில் அந்த மாடல் எவ்வளவு குவிந்திருக்கிறது? மாற்றுக் கண்ணாடிகள் ஒன்று குமிழியாக உப்பியிருக்கும், அல்லது தட்டையாக அமுங்கியிருக்கும்.

1960களின் சில ஒமேகா டிவில் போன்ற கடிகாரங்களில் பின்மூடியே கிடையாது. எந்திரத்தை வெளியே எடுக்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றியாக வேண்டும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் கண்ணாடி வெளியே வந்திருக்கும் என்பதால், அப்படிப்பட்ட கேஸில் ஆலைக் கண்ணாடியை எதிர்பார்ப்பது அதிகம்.

முத்திரையைவிடப் பொருத்தம் ஏன் முக்கியம் என்பதற்கு நம் ஊர்க் காற்றே காரணம். ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்த மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். காலையில் கண்ணாடியின் உள்ளே பனிபோல் ஆவி படியும். சில மாதங்களில் டயலில் புள்ளி விழும், முட்கள் துருப்பிடிக்கும். கண்ணாடியை மாற்றிவிடலாம், கெட்டுப்போன டயலுக்கு மாற்று இல்லை. புதிதாக வண்ணம் பூசிய டயல், மாற்றிய கண்ணாடியைவிடப் பன்மடங்கு விலையைக் கீழே இறக்கும். பொருத்தமில்லாத அசல் கண்ணாடியா, இறுக்கமாகக் கவ்வும் பொதுக் கண்ணாடியா என்று வந்தால், தினமும் கட்டும் கடிகாரத்துக்கு இரண்டாவதே மேல்.

கடையில் கொடுக்கும் முன்

கோடு விழுந்த அக்ரிலிக்கை உடனே மாற்ற வேண்டியதில்லை. அதற்கென்று விற்கும் பாலிவாட்ச் போன்ற பசையை மென்துணியில் எடுத்து, சில நிமிடம் தேய்த்தால் மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். ஆழமான கீறலுக்கு நைசான உப்புத்தாள் வேண்டும், அதைப் பழகியவரிடம் விடுங்கள். விரிசல் விட்டிருந்தால் மட்டும் மாற்றம் அவசியம். மினரலிலும் சஃபையரிலும் இந்த வித்தை பலிக்காது.

கொடுக்கும் முன் கண்ணாடியையும் டயலையும் நேராகவும் சாய்வாகவும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதாக இருந்தால் நிறுவனக் கண்ணாடியா, பொதுக் கண்ணாடியா என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய கண்ணாடியைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. "அது எதுக்குண்ணே, குப்பை" என்பார்கள். விடாதீர்கள்.

இரவில் ஒளிரும் டயல் கொண்ட, 1960களுக்கு முந்திய கடிகாரங்களில் கூடுதல் கவனம் தேவை. அக்காலத்து ஒளிர்பூச்சில் ரேடியம் கலந்திருக்கலாம். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். பூச்சு ஒளிர்வதை நிறுத்திவிட்டாலும் கதிர்வீச்சு நிற்காது. கண்ணாடி மூடியிருக்கும்வரை உதிரும் தூள் உள்ளேயே இருக்கும். வீட்டில் கத்தி முனையால் கண்ணாடியை நெம்பி எடுத்து, டயலை ஊதித் துடைக்கும் வேலை அந்தத் தூளை மூச்சில் ஏற்றிவிடும். பிள்ளைகள் கையில் அப்படிப்பட்ட கடிகாரத்தைப் பிரித்து விளையாடக் கொடுக்கக் கூடாது. கண்ணாடி உடைந்திருந்தால், சிறிய பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, ரேடியமாக இருக்கலாம் என்று பழுதுபார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.

திரும்ப வாங்கிய பழைய கண்ணாடியை ஒரு சின்ன உறையில் போட்டு, கடிகாரத்தின் எண்ணையும் மாற்றிய தேதியையும் மேலே எழுதி, ரசீதோடு சேர்த்துக் கடிகாரப் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.